அம்மாவுக்கு ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இனி வீட்டில் என்ன செய்வது?

கேள்வி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவர்: “அம்மாவுக்கு 74 வயது. பிரஷரும் சுகரும் பதினைந்து வருஷமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்தத் தடவை டிஸ்சார்ஜ் சீட்டில் ‘க்ரானிக் ஹார்ட் ஃபெயிலியர், பம்பிங் 35%’ என்று எழுதி ஒன்பது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இதயம் நின்றுவிடப் போகிறது என்று அர்த்தமா? வயசானால் வருவதுதானே என்கிறார்கள் உறவுக்காரர்கள். உப்பு, தண்ணீர் எவ்வளவு? மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் போயே ஆகவேண்டும் என்கிறார். கூட்டிப் போகலாமா?”

பதில்:

பேரைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பயப்படாத குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ‘ஃபெயில்’ என்ற சொல்லே போதும், பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ச் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நம் பத்திரிகைகள் ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதி அதை இன்னும் கெடுத்தன. செயல் எதுவும் இழக்கவில்லை, தளர்ந்திருக்கிறது. என்னிடம் வருகிறவர்களிடம் ‘இதயத் தளர்ச்சி’ என்றுதான் சொல்வேன். ரத்தக்குழாய் அடைத்து வருவது மாரடைப்பு. துடிப்பே நின்றுபோவது கார்டியாக் அரெஸ்ட். உங்கள் அம்மாவுக்கு இருப்பது இரண்டும் இல்லை.

அந்த 35-ஐப் பரீட்சை மார்க்காக எண்ண வேண்டாம். நல்ல இதயமே உள்ளே நிரம்பிய ரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் தள்ளிவிடாது. 55 முதல் 70 சதவீதம் வரைதான் தள்ளும். அதோடு ஒப்பிட்டால் 35 குறைவுதான், ஆனால் நூற்றில் 65 பாகம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இதைப் படிக்கும் வேறு சிலருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எக்கோவில், அதாவது இதயத்தை எடுக்கும் ஸ்கேனில், பம்பிங் 60 என்று வந்தும் இதே மூச்சிரைப்பு, இதே கால் வீக்கம் வருவதுண்டு. அங்கே இதயத்தின் சுவர் விறைத்துப்போய், சரியாக விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் திணறும். ரொம்ப வருஷமாக பிரஷர் இருக்கும் வயதான பெண்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம். ‘எக்கோ நார்மல்’ என்ற ஒரே வார்த்தையை நம்பி வீடு திரும்பியவர்கள் இவர்களில் பலர். இதயம் திணறுகிறதா என்று காட்ட என்.டி. ப்ரோ-பி.என்.பி. என்றொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கடலூர்க்காரருக்கு விளக்குவது சுலபம். மழைக்காலத்தில் கெடிலம் நிரம்பி வரும்போது ‘கடல் வாங்கவில்லை’ என்று சொல்வோம் அல்லவா? முகத்துவாரத்தில் கடல் ஏறி நின்றால் ஆற்றுத் தண்ணீர் போக இடமில்லாமல் பின்னால் தேங்கி, பள்ளத்தில் இருக்கும் தெருக்களுக்குள் நுழைந்துவிடும். இதயம் வாங்கித் தள்ளாவிட்டால் ரத்தமும் அப்படித்தான் பின்னால் தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சிரைப்பு, படுத்தால் இருமல். காலில், ஈரலில், குடலில் தேங்கினால் வீக்கம், வயிறு உப்பல், இரண்டு வாய் சாப்பிட்டதும் ‘போதும்’ என்று தட்டைத் தள்ளுவது.

இதில் சிறுநீரகம் செய்யும் கூத்து தனி. தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், எங்கோ காயம்பட்டு ரத்தம் வெளியேறிவிட்டது என்று அது முடிவு கட்டிவிடுகிறது. உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் சேமிக்கிறது. காட்டில் அடிபட்டுக் கிடந்த ஆதி மனிதனைக் காப்பாற்றிய ஏற்பாடு அது, 74 வயது அம்மாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஏற்கெனவே தேங்கிய வீதியில் இன்னும் தண்ணீரைத் திறந்துவிட்ட கதை. சீட்டில் இருக்கும் மாத்திரைகளில் பாதி இந்தத் தப்புக் கணக்கைத் திருத்துவதற்குத்தான்.

‘வயசானால் வருவதுதானே’ என்பதற்கு வருகிறேன். இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பரங்கிப்பேட்டையில் என் பெரியம்மா. தினமும் விடியற்காலையில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர். ஒரு மார்கழியில் பார்த்தால் நாலு புள்ளியோடு எழுந்துவிட்டார். ‘குனிஞ்சா மூச்சு முட்டுதுப்பா’ என்றார். மூட்டுத் தேய்மானம், உடல் எடை, வயசு என்று எனக்குத் தெரிந்த காரணமெல்லாம் சொல்லிச் சமாதானப்படுத்திவிட்டு வந்தேன். டாக்டர் சொன்னால் மறுபேச்சு ஏது? ஒன்றரை மாதம் கழித்து நடுராத்திரியில் உட்கார்ந்தபடியே ஆம்புலன்ஸில் வந்தார். குனிந்த அரை நிமிஷத்துக்குள் மூச்சு வாங்குவது இதயத் தளர்ச்சியின் அடையாளம் என்பதை அதற்குப் பிறகு நான் மறந்ததில்லை.

வயது அதற்கான வாய்ப்பைக் கூட்டும், உண்மைதான். ஆனால் காரணம் வேறு: அடைபட்ட ரத்தக்குழாய், அடங்காத பிரஷர், சுகர், சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் சுருங்கிய வால்வு, தாறுமாறான துடிப்பு, குடி. திருவனந்தபுரத்தில் 2013-இல் 18 ஆஸ்பத்திரிகளில் இந்தக் கோளாறோடு சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. நூற்றுக்கு 72 பேருக்கு அடிப்படையில் இருந்தது ரத்தக்குழாய் அடைப்பு. அதனால் அம்மாவுக்குக் காரணம் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். ‘வயசு’ என்று பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

கால் வீக்கத்தில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு குழப்பம் உண்டு. கடலூரும் புதுச்சேரியும் யானைக்கால் நோய் பழகிய மண். கொசுவால் பரவும் நோய்களை ஆராய 1975-இல் புதுச்சேரியில் ஒரு மத்திய ஆராய்ச்சி மையமே வந்தது. அதனால் வயதானவர் கால் வீங்கினால் ‘பழைய பைலேரியா’ என்று விட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. யானைக்கால் பெரும்பாலும் ஒரு காலில் கூடுதலாக இருக்கும், நாள்பட்டால் தோல் தடித்துவிடும். இதயத்தால் வருவது இரண்டு காலிலும் வரும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கும். சாயங்காலம் கூடும், காலையில் கொஞ்சம் வடியும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு வேலை. மாத்திரை டப்பா வாங்குவதற்கு முன்னால் ஓர் எடை மெஷின் வாங்குங்கள். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் உடம்பில் சில லிட்டர் தண்ணீர் சேர்ந்திருக்கும். மெஷின் அதை முன்னாலேயே சொல்லிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, கணக்கு அவ்வளவுதான். காலையில் பாத்ரூம் போய்வந்த பிறகு, காபிக்கு முன்னால், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில், சமமான தரையில் நிற்க வையுங்கள். தடுமாறினால் பக்கத்தில் நில்லுங்கள், பிடிக்காதீர்கள், பிடித்தால் எடை தப்பாகக் காட்டும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்கிறதே, அந்தக் கட்டத்திலேயே எழுதுங்கள். கிழிக்கிற காலண்டரில் எழுதினால் நேற்றைய எண் குப்பைக்குப் போய்விடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றைக்கே டாக்டருக்கு போன். அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு தடவை அட்மிட் ஆனதற்கு முன்னால் அம்மாவின் எடை அநேகமாக ஏறியிருக்கும், பார்க்க ஆள் இல்லை.

இன்னொரு கணக்கு தலையணை. ஒன்றில் படுத்தவர் இரண்டு கேட்டால், பிறகு சுவரில் சாய்ந்தோ ஈஸிசேரிலோ தூங்க ஆரம்பித்தால், தண்ணீர் நுரையீரலுக்கு ஏறுகிறது. பெரியவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ‘காத்தோட்டமா இருக்கு, இங்கேயே தூங்குறேன்’ என்பார்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், இளஞ்சிவப்பில் நுரையாகச் சளி, மயக்கம், நெஞ்சுவலி, திடீரென்று ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வரட்டும்.

உப்பு. ஒரு நாளைக்குச் சமையல், தயிர், பலகாரம் எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம். துறைமுகத்துப் பக்கம் இருந்துகொண்டு கருவாட்டை விடச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். ஊறவைத்து நாலு தண்ணீர் மாற்றிக் கழுவினாலும் கருவாட்டில் இருக்கும் உப்பு இவருக்கு அதிகம்தான். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடாம் எல்லாம் அதே கணக்கு. நல்ல மீன் தாராளமாகச் சாப்பிடட்டும். புளி, மிளகு, பூண்டு, எலுமிச்சை கூட்டினால் உப்புக் குறைவு அவ்வளவாக நாக்குக்குத் தெரியாது, இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

இந்துப்பு நல்லதாமே என்பார்கள். ரோஸ் கலரில் இருந்தாலும் அதுவும் சோடியம்தான். ‘லோ சோடியம்’ என்று போட்டு விற்கும் உப்பு அதைவிட மோசம், சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் அதில் இருப்பது பொட்டாசியம். பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் துடிப்பே தடம் புரளும். தினமும் இளநீர் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கை. எப்போதாவது ஒன்று பரவாயில்லை.

அதற்காக உப்பே இல்லாமல் கஞ்சியைக் கொடுத்து அவரைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோடியத்தை ஒரேயடியாக இறுக்கிப் பிடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசமோ சாவோ குறையவில்லை. வயதானவர் சாப்பாடு பிடிக்காமல் ஒதுக்கினால் தசை கரையும், விழுவார், இடுப்பு எலும்பு முறியும். மிதமாகக் குறையுங்கள், வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள். தண்ணீரும் அப்படித்தான். டாக்டர் குறிப்பாக அளவு சொல்லியிருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் டீ, மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். ஒவ்வொரு மடக்குக்கும் கணக்குக் கேட்டு அவர் உயிரை வாங்க வேண்டாம்.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்துகிற மாத்திரை இல்லை இது. உடம்பு நன்றாக இருப்பதே அதனால்தான். சீட்டைப் பார்க்காமல் எதற்கு எது என்று சொல்ல முடியாது, ஆனால் பம்பிங் குறைந்தவர்களுக்கு நாலு வகை அவசியம். பிஸோப்ரோலோல், கார்வெடிலோல், மெட்டோப்ரோலோல் சக்சினேட் என்ற வரிசையில் ஒன்று. சாக்குபிட்ரில்-வால்சார்டன், அல்லது எனலாப்ரில், ராமிப்ரில் வகையில் ஒன்று. ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்லெரினோன். டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். இவை ஆயுளைக் கூட்டுகிறவை. ஃபுரோசமைடு, டோர்செமைடு போன்ற நீர் மாத்திரை தேங்கிய தண்ணீரை இறக்கி மூச்சைச் சீராக்கும். நாலில் எதாவது சீட்டில் இல்லை என்றால் ஏன் என்று கேட்பதில் தப்பில்லை. கிட்னியோ பிரஷரோ காரணமாக இருக்கலாம்.

வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் சில கோளாறுகள்:

‘எங்க அப்பாவுக்கு சுகரே இல்லை, எதுக்கு சுகர் மாத்திரை?’ என்று டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவிடுவது. சுகருக்காக வந்த மருந்துதான். ஆனால் சுகர் இல்லாதவருக்கும் இதயத்துக்குப் பலன் தருகிறது என்று 2019-இல் தெரிந்துவிட்டது. இங்கே 2020-இல் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கிவிட்டது. வாந்தி, பேதி, உபவாசம் என்றால் மட்டும் அதை நிறுத்தி வைக்கவேண்டும், உடனே டாக்டரிடம் கேட்டு.

அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிய எனலாப்ரிலையும் தனியார் டாக்டர் எழுதிய சாக்குபிட்ரிலையும் சேர்த்தே போட்டுக்கொள்வது. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதற்கு மாறுவதற்கே நடுவே 36 மணி நேர இடைவெளி வேண்டும் என்ற அளவுக்கு ஆகாத ஜோடி அது. நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கலாம். பல இடத்தில் வைத்தியம் பார்ப்பது நம் ஊர் வழக்கம், நான் குறை சொல்லவில்லை. மாதாந்தர மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதற்கு மேல் ஜிப்மர் சீட்டு, அதற்கு மேல் மஞ்சக்குப்பத்து கிளினிக் சீட்டு. எல்லா மாத்திரையையும், பழசு புதுசு பார்க்காமல், ஒரு பையில் கொட்டி அடுத்த தடவை டாக்டர் மேஜையில் வையுங்கள். டப்பா நிறையச் சீட்டுகளை விட அந்தப் பை அதிகம் பேசும்.

முகாமில் பிரஷர் பார்த்து 100/60 என்றதும் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வது. இந்த நோயில் தலைசுற்றல் இல்லாமல் 100 இருந்தால் அது நல்ல பிரஷர்தான். எழுந்ததும் கண் இருட்டினால் அது வேறு விஷயம், அளவை டாக்டர் மாற்றுவார். படுக்கையை விட்டு எழும்போது அரை நிமிஷம் விளிம்பில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது மூட்டு வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எடோரிகாக்சிப் எல்லாமே உப்பையும் தண்ணீரையும் உடம்பில் பிடித்து வைத்து, கிட்னியையும் நெருக்கும். மெடிக்கலில் ‘முட்டி வலிக்குது, ரெண்டு நாளைக்குக் கொடுங்க’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் மூச்சு வாங்கி வந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. உங்கள் அம்மா இரண்டு தடவை அட்மிட் ஆனதற்கு முந்தின வாரம் என்ன சாப்பிட்டார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ‘அது வலி மாத்திரைதானே’ என்று சொல்லாமல் விட்டிருப்பார். பாராசிட்டமால் போடலாம், மேலுக்குத் தடவலாம். பேர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பொடி, சூரணம் எதையும் நம்பாதீர்கள்.

நம் பக்கத்து வானிலையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வியர்த்துக் கொட்டும்போது பழைய அளவிலேயே நீர் மாத்திரை போட்டால் உடம்பு வறண்டு, தலைசுற்றி விழுவார். எடை திடீரென்று இரண்டு கிலோ இறங்கினாலும் போன் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு வேறு ஏற்பாடு. 2011 தானே புயலில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல், கடை திறக்காமல் இருந்தோம், 2015 வெள்ளத்தில் ரோடு எப்படித் துண்டித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று மாதமும் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாக, தண்ணீர் புகாத கவரில் இருக்கட்டும். தடுப்பூசிகள் இரண்டு, ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும். ரத்தத்தில் இரும்புச் சத்தையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள், குறைந்தால் ஊசியாக ஏற்றுவார்கள்.

எவ்வளவு நாள் இருப்பார் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்தது தெரிகிறது. இது லேசான நோய் இல்லை. கண்டுபிடித்து ஐந்து வருஷத்துக்குள் பாதிப் பேரைக் கொண்டுபோகிறது என்றுதான் உலகத்துக் கணக்குகள் சொல்கின்றன. திருவனந்தபுரத்துக் கணக்கில் முதல் மூன்று மாதத்திலேயே நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். இப்போது நீங்கள் இருப்பது அந்த மூன்று மாதத்தில், அதனால்தான் காலண்டர், பை என்று இவ்வளவு நச்சரிக்கிறேன். அதே சமயம் சரியான மாத்திரையோடு பம்பிங் 35-லிருந்து 45, 50 என்று ஏறியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏறினாலும் மாத்திரையை விடக் கூடாது. ஒருவேளை நாளடைவில் மருந்துக்குக் கேட்காமல் போனால் ஐ.சி.யூ., வென்டிலேட்டர் எல்லாம் வேண்டுமா, எதுவரை என்பதை அவர் தெளிவாக இருக்கும் இப்போதே அவரிடமே கேட்டு வையுங்கள். பிள்ளைகள் பேசத்தான் தயங்குவார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் யோசித்து வைத்திருப்பார்கள்.

மாசி மகம். தாராளமாகக் கூட்டிப் போங்கள், மூன்று விஷயம் சரியாக இருந்தால்: இரண்டு வாரமாக எடை ஏறவில்லை, ஒரு தலையணையில் படுக்க முடிகிறது, வீட்டுக்குள் பேசிக்கொண்டே நடக்க முடிகிறது. மற்ற மாத்திரைகளைக் காலையில் வழக்கம்போல் போட்டுவிடலாம். நீர் மாத்திரையை மட்டும் திரும்பி வந்து போட்டால் போதும். வழியில் பாத்ரூம் இல்லை என்று பயந்து, ஊருக்குப் போகிற நாளெல்லாம் அதை மொத்தமாக விட்டுவிடுவதுதான் நம் பெரியவர்கள் செய்யும் தப்பு. மாலை நாலு மணிக்குள் போட்டுவிட்டால் ராத்திரித் தூக்கமும் கெடாது. வெயில் ஏறுவதற்குள் போங்கள். மணலில் நடப்பது ரோட்டில் நடப்பதைப் போல இரண்டு மடங்கு வேலை, அதனால் வண்டி போகும் இடம் வரை போய் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கடலில் முங்க வேண்டாம், ஒரு சொம்பில் தீர்த்தம் கொண்டுவந்து தலையில் தெளித்தால் அவருக்குப் போதும். பிரசாதத்தில் சுண்டல் கொஞ்சம் சாப்பிடலாம், கடையில் விற்கும் மாங்காய் உப்பு மிளகாயைக் கண்ணில் காட்டாதீர்கள். சாமிகள் வரிசையாக வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, நீர் மாத்திரையைப் போட்டு, ஒரு தூக்கம் போடட்டும். மறுநாள் காலை காபிக்கு முன்னால் மெஷினில் ஏற்றுங்கள்.